இரண்டு முடிச்சுப் பை

துறைமுகத்தில் அவரை மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. கடல்வள ஆய்வு நிலையத்தில் பத்தொன்பது வருடமாக இறாலின் தலையை அளப்பது அவர் உத்தியோகம். கண்குழியில் தொடங்கி, தலையோட்டின் பின்விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுத வேண்டும். அப்படி லட்சக்கணக்கான தலைகளை அளந்திருந்தார். சொந்தத் தலைக்குத் தொப்பி வாங்கப் போனால் மட்டும் கடைக்காரரிடம், "ஏதாவது ஒண்ணு குடுங்க, போட்டுப் பார்க்கிறேன்" என்பார்.

அளந்து முடித்த இறாலை அழித்துவிட வேண்டும் என்பது நிலையத்தின் விதி. எந்த வழியில் அழிப்பது என்று விதியில் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வெண்ணெயும் மிளகும் சேர்த்து அழித்துவந்தார். குழப்பம் வரக்கூடாதென்று ஒரு முறையும் வைத்திருந்தார். அளந்த பைக்கு ஒரு முடிச்சு, அளக்காத பைக்கு இரண்டு முடிச்சு. அற்புதமான முறை. என்ன, உலகத்தில் அது தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் அதை யாருக்கும் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நிலையத்து ஃப்ரீசர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நின்றுபோனது. மெக்கானிக் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். சாயங்காலம் ஆய்வுப் படகிலிருந்து கடைசிப் பை வந்து சேர்ந்தது. ஏழாம் திட்டு என்ற மீன்பிடிப் பகுதியில் பிடித்த நூற்று எழுபது இறால். திங்கட்கிழமை காலை பத்து மணிக் கூட்டத்தில் எல்லோரும் அடித்துக்கொள்ளப்போவது அந்தத் திட்டுக்காகத்தான். இந்த வருடம் அங்கே வலை இழுக்கலாமா, கூடாதா? ஆய்வு முடிவு இல்லாத திட்டு திறந்த திட்டாகவே கருதப்படும் என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. அதாவது, அந்தப் பையை அளக்காவிட்டால் இருபத்திரண்டு படகுகள் திங்கள் மதியமே ஏழாம் திட்டை வழித்தெடுக்கக் கிளம்பிவிடும். கிளம்பும் படகுகளின் சங்கத்துக்குத் தலைவர் வேறு யாருமல்ல, மில்லிமீட்டரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

பையில் இரண்டு முடிச்சு போட்டார். வீட்டு ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஐஸ்கிரீம் டப்பாவுக்கும் நடுவே வைத்தார். ஞாயிறு மதியம் சாவகாசமாக அளக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். ஞாயிறு காலை முடிவெட்டிக்கொள்ளப் போனார். இருபத்திரண்டு கேப்டன்களுக்கு முன்னால் நின்று 'கூடாது' என்று சொல்லப்போகிறவர், காதோர முடியாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா?

திரும்பி வந்தபோது வெண்ணெய் வாசனை வாசல்வரை வந்து வரவேற்றது. ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி மச்சானும் மாமனாரும் வந்து பாதிச் சாப்பாட்டில் இருந்தார்கள். மேசை நடுவில் பெரிய தட்டில் குளிர்கடல் இறால் ரோஜா நிறத்தில் மலைபோலக் குவிந்திருந்தது. அந்த ஜாதி இறால் பச்சையாக இருக்கும்போதே சிவந்துதான் இருக்கும். உப்புத் தண்ணீரில் இரண்டே நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்தால் சர்க்கரை போட்ட மாதிரி இனிக்கும். மூன்றாவது நிமிடம் ரப்பர்.

"வா மாப்ளே, உட்காரு. நாளைக்குச் சண்டை, இன்னிக்குச் சாப்பாடு" என்றான் மச்சான். அவன் தலையைத் திருகி எடுத்து, உள்ளிருக்கும் சாறை உறிஞ்சிவிட்டு, ஓட்டைக் கடிக்காமல் தட்டோரம் வைக்கிற ஆள்.

மாமனார் வேறு கட்சி. நாற்பது வருடம் படகு ஓட்டியவர். "ஓடு உரிக்கிறவன்லாம் இறால் தின்கிறவனா? நறுக்குனு ஓட்டோட மெல்லணும்" என்று அன்றைக்கும் ஒரு தடவை அறிவித்துவிட்டு, கைகளை மேசைக்கடியில் மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டில் ஓடு என்று ஒரு துணுக்குகூட இல்லை.

மில்லிமீட்டரும் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தார். வயிற்றுக்குள் இறால் போனால் வாயிலிருந்து பாடம் வருவது அவருக்கு வழக்கம்.

"இதுல ஒரு அதிசயம் தெரியுமா மச்சான்? முதல்ல எல்லாமே ஆண்தான். நாலஞ்சு வருஷம் ஆணா இருந்துட்டு அப்புறம் பொண்ணா மாறிடும்."

"அறிவு வந்ததும்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

"உனக்கும் கல்யாணமாகி பதினெட்டு வருஷமாச்சு மாப்ளே, இன்னும் மாறலையே?"

"மாறியிருந்தா வெந்நீராவது வைக்கத் தெரிஞ்சிருக்கும்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருபதாவது இறாலை வெண்ணெயில் தோய்த்தார்.

"இன்னிக்கு ரொம்ப நல்லாருக்கும்மா."

"நல்லாத்தான் இருக்கும். முட்டை மட்டும் ஒரு கிண்ணம் தேறுச்சு, நீலப்பச்சையா. அப்பாவுக்கு ரொட்டியில தடவிக் குடுத்தேன். ஆனா அந்தப் பையை அவிழ்க்கறதுக்குள்ள என் நகமே போச்சு. ஏங்க, யாராவது ஒரு பைக்கு ரெண்டு முடிச்சு போடுவாங்களா?"

இருபதாவது இறால் பாதி வழியில் நின்றது. வெண்ணெய் சொட்டுச் சொட்டாக சட்டையில் விழுந்தது.

"எத்தனை முடிச்சு?"

"ரெண்டு."

"ஐயோ" என்றார். பிறகு நாற்காலி சாய எழுந்து, "யாரும் வாயில இருக்கறத முழுங்காதீங்க!" என்று கத்தினார்.

மாமனார் பயந்துபோய் முழுங்கிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் மச்சானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அப்போ ஏழாம் திட்டோட சாட்சியை நாங்க தின்னுட்டோமா? சத்தியமா நான் திட்டம் போட்டுச் செய்யல மாப்ளே. கூப்பிட்டு உட்கார வெச்சு, வெண்ணெய் ஊத்தி ஊட்டினது உன் பொண்டாட்டி."

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்றாள் அவள். "பதினெட்டு வருஷமா இவர் கொண்டுவர்றதை சமைக்கிறேன். ஒரு நாளாவது முடிச்சை எண்ணச் சொல்லியிருக்காரா?"

மில்லிமீட்டர் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். நாளைக்கு எழுந்து நின்று என்ன சொல்வது? ஐயா, ஆய்வு முடிவு என் குடும்பத்தாரின் இரைப்பையில் இருக்கிறது என்றா? தலையைத் தொங்கப்போட்டார். தொங்கப்போட்ட இடத்தில் மச்சானின் தட்டு இருந்தது. தட்டோரத்தில் உறிஞ்சப்பட்ட தலைகள் வரிசையாக, முழுசாக, இவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

இத்தனை வருடமாக அவர் அளந்தது எதை? சதையையா? தலையோட்டைத்தானே! மனிதன் தின்பதைக் கடலாய்வு தொடுவதில்லை. கடலாய்வுக்கு வேண்டியதை மனிதன் தின்பதில்லை.

"மிச்சத் தலையெல்லாம் எங்கே?"

"முக்கால்வாசி தோலுரிச்சுத்தான் கொண்டுவந்து வெச்சேன். அந்தத் தலையெல்லாம் அடுப்புல கொதிக்குது. சூப்புக்கு."

சமையலறைக்குள் அவர் ஓடியதைப் பார்த்தவர்கள் தீப்பிடித்துக்கொண்டது என்றே நினைத்திருப்பார்கள். வடிகட்டியால் பானையைத் துழாவித் தலைகளை அள்ளினார். சட்டைப்பையில் பேனா இல்லாத நாள் உண்டு, இறால் அளக்கும் காலிப்பர் இல்லாத நாள் கிடையாது. அதை எடுத்துத் துடைத்தபோது மச்சான் கையை நீட்டினான்.

"இங்க குடு, நான் அளக்கறேன். நாளைக்கு எங்க ஆளுங்க உன்னைப் பொய்யன்னு சொல்லக்கூடாதில்ல? வீட்டு மாப்பிள்ளை வேற."

மேசையைத் துடைத்து, தலைகளைப் பத்துப் பத்தாக அடுக்கினார்கள். மனைவி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தாள். மச்சான் ஏலக்காரன் மாதிரி ஆரம்பித்தான்.

"இருபத்தஞ்சு! எழுதிக்கோ. இருபத்தாறு! பெரியம்மா. இருபத்தாறு! சின்னம்மா. இருபத்தஞ்சரை! சின்னம்மாவோட நாத்தனார்!"

ஐம்பது தலை தாண்டியபோது சொந்தபந்தம் நின்றுபோய் எண் மட்டும் வந்தது. நூறு தாண்டியபோது குரல் இறங்கியது. அவன் முட்டாள் இல்லை. பதினைந்து, பதினாறு, இருபது என்று எண்கள் வர வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். அதெல்லாம் சின்ன வயசு, ஆண்கள். அந்த எண்கள் வரவேயில்லை.

கடைசித் தலையையும் வைத்தார்கள். மொத்தம் நூற்று முப்பத்தெட்டு.

"பையில இருந்த சீட்டுல நூத்தியெழுபதுன்னு இருக்கு. முப்பத்திரண்டு குறையுது" என்றாள் மனைவி.

மச்சான் முகத்தில் வெளிச்சம் திரும்பியது. "அதானே பார்த்தேன்! குறையறது எல்லாம் சின்னதுதான் மாப்ளே. அப்பா ஓட்டோட தின்னுட்டார். பொடிசா பொறுக்கித்தானே எப்பவும் மெல்லுவார்? தட்டைப் பாரு, துடைச்சு வெச்சிருக்கார். முப்பத்திரண்டு ஆம்பளைங்க எங்கப்பா வயித்துல பத்திரமா இருக்காங்க. நூத்தியெழுபதுல முப்பத்திரண்டு பொடிசு இருந்தா திட்டு நல்லாருக்குன்னு நீதானே போன வருஷம் எழுதினே?"

எழுதியது உண்மை. மில்லிமீட்டர் காலிப்பரை மூடினார். திறந்தார். மூடினார். மாமனாரைத் தட்டில் கவிழ்த்து அளக்க முடியாது. நாளைக்கு மச்சான் இதையே சொல்வான், அதில் பொய்யும் இருக்காது. அவன் மனசார நம்பித்தான் சொல்கிறான்.

"முடிஞ்சுது" என்றார். "திட்டு திறந்துடும்."

 மாமனார் இருமினார். கூரையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு கைக்குட்டை மூட்டையை எடுத்து, யாருக்கோ சேர வேண்டியதை ஒப்படைப்பவர்போல மேசையில் வைத்தார். வெண்ணெய்க் கறை ஊறிய மூட்டை.

"இது என்னப்பா?"

"பிரிச்சுப் பாரு."

உள்ளே ஓடுகள். தலைகள். மடியில் வைத்து ரகசியமாக உரித்தவை.

"போன வருஷமே பல் செட்டு மாட்டியாச்சு" என்றார் மாமனார், சுவரிடம் சொல்வதுபோல. "ஓட்டைக் கடிச்சா செட்டு கழண்டு வருது. நாப்பது வருஷமா வாய் கிழியப் பேசிட்டு, இப்ப எல்லார் முன்னாடியும் உரிச்சுட்டு உட்கார வெக்கமா இருந்துச்சு. போதுமா?"

மகளுக்குக் கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது. எதற்கு இடம் கொடுப்பது என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினாள்.

மச்சான் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒவ்வொன்றாக அளந்தான். இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தாறு. முப்பத்திரண்டும் அம்மாக்கள்.

காலிப்பரைக் கீழே வைத்துவிட்டு வெண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான். அவன் படகில் டீசல் நிரப்பியாகிவிட்டது. வலை புதிசு. ஆறு ஆட்கள் நாளை மதியத்துக்குப் பைகட்டி வைத்திருக்கிறார்கள்.

"ஒரு ஆம்பளைகூட இல்லையா மாப்ளே?"

"இல்ல மச்சான். இருக்கறதெல்லாம் முட்டையோட நிக்கற அம்மாதான். அடுத்த வருஷம் அம்மாவா மாறறதுக்கு ஆளே இல்ல. இவங்க முட்டையாவது பொரியட்டும்."

"நாங்க இன்னிக்கு ரொட்டியில தடவினது எத்தனை?"

மில்லிமீட்டர் காலிப்பரைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு எண் தெரியும்.

திங்கட்கிழமை கூட்டத்தில் அறிக்கையை அவரே படித்தார். "மாதிரியைப் பிடித்த முறை: இழுவலை. பாதுகாத்த முறை:" என்ற இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தவறுதலாக வேகவைக்கப்பட்டது" என்றார். கேப்டன்கள் கூட்டம் கூரை பறக்கச் சிரித்தது. எந்த மடையன் அளந்தான் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

மச்சான் எழுந்து நின்றான். "நான்தான் அளந்தேன். தின்னதும் நான்தான். ஏழாம் திட்டு இந்த வருஷம் வேணாம். வேற யாருக்காவது சிரிக்கணுமா?"

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. திட்டு மூடப்பட்டது. மச்சான் ஒரு வாரம் மில்லிமீட்டரோடு பேசவில்லை. தங்கையிடம் மட்டும் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், தயவுசெய்து கத்திரிக்காய் சமைக்குமாறும் சொன்னான்.

அவள் சமைத்தது இறால்தான். மூன்றாம் திட்டு, அளந்தது, ஒரு முடிச்சு. ஃப்ரீசர் கதவில் இப்போது மில்லிமீட்டர் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'ரெண்டு முடிச்சு இருந்தா, என்னைக் கேள்.' மாமனார் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, எல்லோரும் பார்க்க நிதானமாக உரித்தார். தலைகளைத் தட்டோரத்தில் வரிசையாக அடுக்கினார். சின்னதாக ஒன்று கிடைத்ததும் தனியாக எடுத்து மருமகன் பக்கம் தள்ளினார்.

"பதினாறு இருக்கும்" என்றார். "அளந்துதான் பாருங்களேன் மாப்பிள்ளை."

மில்லிமீட்டர் சட்டைப்பையில் கையை விடுவதற்குள் மச்சானின் கை காலிப்பரை எடுத்துவிட்டிருந்தது.