சவரியப்பன் நிலத்து இரைச்சல்

கொலையுண்டு ஓராண்டு கழித்து, 1968 மாசியில், கெலமங்கலத்துச் சூசை ஓர் ஆன்டெனாவில் நாலாயிரம் டிகிரி இரைச்சலாகப் பதிவானான். இரைச்சலை வெப்பத்தின் டிகிரியில் அளப்பது ரேடியோக்காரர்களின் வழக்கம். வெறும் வானத்துக்குச் சில பத்து, மண்ணுக்கு முந்நூறு. இரண்டையும் மாறிமாறிக் காட்டி, கருவி தானாகப் போடும் சத்தம் எவ்வளவு என்று கணிக்க வந்திருந்தார் இன்ஜினியர் ராஜப்பன். சூசையின் அண்ணன் சவரியப்பன் நிலத்தில், தூர்த்த கிணற்றின் பக்கம் ஆன்டெனாத் தட்டைத் திருப்பினால் மட்டும் மீட்டர் முள் எகிறியது. ராஜப்பன் வயர்களை மாற்றினார், ஊர் பம்புசெட்டுகளை நிறுத்தச் சொன்னார், தேன்கனிக்கோட்டை பஸ்ஸையே இன்ஜினை அணைத்து ஒரு மணி நேரம் நிற்கவைத்தார். முள் இறங்கவில்லை.

“பெரியவரே, அந்தக் கிணத்துல மோட்டார் ஏதாச்சும் ஓடுதுங்களா?” என்று சவரியப்பனைக் கேட்டார்.

“தூத்த கிணத்துல உங்கப்பனா ஓடுவான்? வானத்தை அளக்க வந்தா வானத்தைப் பாருய்யா.”

ராஜப்பன் ஹெட்போனை மாட்டினார். கடப்பாரை ஏழு முறை விழுந்தது. நடுவே ஒருவன் அண்ணனைக் கூப்பிட்டான். ‘வெளிச்சத்தம், ஆண் குரல்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

சவரியப்பன் குடும்பத்தில் அதுவரை எவரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. மாதா கோயிலை விட்டுப் போய் ரங்கம்மாவுக்குத் தாலி கட்டிய தம்பியை, வீட்டுப் பெயருக்காகக் கொன்றதைச் சவரியப்பன் பாவம் என்று நினைத்தார். தவறு என்று நினைக்கவில்லை. தம்பி கோலார் சுரங்கத்துக்குப் போய்விட்டதாக ரங்கம்மாவிடமும் ஊரிடமும் சொல்லியிருந்தார். ராஜப்பன் கிணற்றைப் பற்றிக் கேட்ட மறுநாள் காலை கடப்பாரையோடு போய்த் தட்டைப் பிளந்தார். தடுத்த ராஜப்பனின் முழங்கையை முறித்தார்.

ஆன்டெனா போனதும் இரைச்சல் வேறு இரும்பு தேடியது. மதியத்துக்குள் சந்தைத் தராசுகளும் வண்டிச் சக்கரப் பட்டைகளும் ஏர்க் கொழுக்களும் சூசையின் குரலில் கதறின. ரங்கம்மாவின் களைக்கொத்து, அவள் கையிலேயே, “வேணாம்ணா” என்றது.

அவள் அந்தக் கொத்தோடு சந்தைக்கு வந்தாள்.

“கோலார்ல இருக்காருன்னீங்களே, மாமா.”

ஊரார் பார்க்க ஓடுவது சவரியப்பன் வம்சத்தில் இல்லை. “நான்தான் அடிச்சேன். கிணத்துல கெடக்கான், எடுத்துக்கோ” என்றார். முதல் வெட்டு தோளில், இரண்டாவது கழுத்தில். அதன்பிறகு யாரும் எண்ணவில்லை. சாயங்காலம் உறவினர்கள் கிணற்றைத் தோண்டி, அண்ணனையும் தம்பியையும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ரங்கம்மா எட்டு வருடம் ஜெயிலில் இருந்தாள்.

ஊர் இரும்பு அன்றே ஓய்ந்தது. சவரியப்பன் வீட்டு இரும்பு ஓயவில்லை. அங்கே இன்றும் மண்சட்டியில்தான் சமையல். பெண் கொடுக்க வருகிறவர்களிடம் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். யாரும் எழுந்து போனதில்லை. சீர்வரிசையில் பீரோ மட்டும் மரத்தில் வருகிறது.