மேல்மண்

உடல் வந்துவிட்டது, குழி இன்னும் தயாராகவில்லை. வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எல்லோரும் வெயிலில் நின்றார்கள். குழிக்குள் இரண்டு பேர் மாறி மாறிக் கடப்பாரை போட்டார்கள். சத்தம்தான் பெரிதாக வந்ததே தவிர, மண் பெயர்கிற வழியைக் காணோம்.

"மண்ணா இது? காங்கிரீட்டு," என்று ஒருவன் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டான்.

யாருக்குச் சொன்னாலும் அவளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய அந்த மஞ்சள் மண்மலையோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறவள் அவள். அதில் புல்லும் மரமும் வளர்த்து, மழையில் சரியாமல் பிடித்து நிறுத்துவதுதான் அவள் வேலை. சுரங்கத் தொழிலாளர் காலனியில் அவளுக்குச் செடிக்காரி என்றே பெயர். பழைய இடுகாட்டைச் சுரங்கம் விழுங்கிவிட்டதால், மலையின் அடிவாரத்தில் ஓரமாக ஓர் இடத்தை மட்டம் செய்து கொடுத்திருந்தார்கள். அங்கேதான் இப்போது நின்றுகொண்டிருந்தார்கள்.

வண்டிக்குள் கிடந்தவர் அவள் அப்பா. ஓய்வு பெறும்வரை அதே சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டியவர். லாரி லாரியாக வந்து விழுந்ததையெல்லாம் தள்ளித் தள்ளி மலையாக்கியது அவர். அதில் பச்சை பிடிக்க வைக்க மாரடிப்பது மகள். காலனியே இதைச் சொல்லிச் சிரிக்கும். வீட்டில் அவரும் சிரிப்பார்.

அவளும் என்னதான் செய்து பார்க்கவில்லை? சரிவுக்குக் குறுக்கே வரப்பு வெட்டினாள். சணல் வலை விரித்து முளையடித்தாள். எரு சுமந்து கொட்டினாள். முதல் தூறலுக்குப் புல் தலைகாட்டும், அவளும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பாள். அடுத்த பெருமழையில் வலை, விதை, எரு எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு சேறு கீழே இறங்கும். கீழே என்றால் காலனிக்கு. அவர்கள் வீட்டு அடுப்படிக்கே வந்துவிடும். அம்மா துடைப்பத்தால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருக்க, அப்பா கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு குரல் கொடுப்பார்.

"வாம்மா செடிக்காரி. உன் மலை வந்திருக்கு பாரு, வீட்டைத் தேடிக்கிட்டு."

உன் மலையாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சேற்றை வாளியில் அள்ளுவாள்.

அடுத்த மாதம் ஆய்வு வருகிறது. இந்தத் தடவையும் பச்சை பிடிக்கவில்லையென்றால் அவளுடைய பிரிவை மூடிவிட்டு மலையைக் கைகழுவிவிடுவதென்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அதற்கப்புறம் மழை வந்தால் காலனி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடப்பாரைச் சத்தம் திடீரென்று மாறியது.

"அட, இங்க பாருங்கய்யா! பொதுக்குனு இறங்குது."

ஒரு மண்வெட்டி மண் மேலே வந்து அவள் காலடியில் விழுந்தது. கறுப்பு மண். அவள் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். விரல்களுக்கிடையே உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். பின்னால் நின்ற பெண்களில் யாரோ, "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு போல," என்று முணுமுணுத்தார்கள்.

அவள் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. தானாக அமைந்த தரை அல்ல இது. அறுந்த வேரும் ஓட்டுத்துண்டும் கூழாங்கல்லும் தாறுமாறாகக் கலந்து கிடந்தன. எங்கிருந்தோ வழித்துக்கொண்டு வந்து கொட்டிய மண். சுரங்கம் வெட்டுகிறவர்கள் முதலில் மேல்மண்ணை வழித்துத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு அதை மலைமேல் போர்த்த வேண்டும். போர்த்திவிட்டால் புல் தானாக வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மண் எங்கே என்று அவள் எல்லோரிடமும் கேட்டாள். இந்தப் பக்கம் மேல்மண்ணே கிடையாது என்றார்கள் ஆபீஸில். அப்பாவிடமும் கேட்டாள். "இங்க ஏதும்மா நல்ல மண்ணு? அத்தனையும் பொட்டல்," என்றார் அவர், டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிரேன்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர், குடும்பத்துக்கு மாமா மாதிரி.

"மாமா, இது என்ன மண்ணு?"

அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மேல வழிச்ச மண்ணும்மா. முதல்ல அதைத்தானே வழிப்போம். வழிச்சதை முதல்ல கொட்டியாச்சு. மத்ததெல்லாம் அதுக்கு மேல."

"தனியாத்தானே வைக்கணும்?"

"தனியா வெச்சா மறுபடி அள்ளணும், மறுபடி கொட்டணும். ரெண்டு வேலை. அப்பல்லாம் யாரு அதிகமா தள்ளுறான்னுதான் பேச்சு. உங்கப்பாவை அடிச்சுக்க ஆள் கிடையாது. மெடல்கூடக் கொடுத்தாங்களே, வீட்டு ஷோகேஸ்ல இருக்கே?"

"மலை முழுக்க இப்படித்தானா?"

"முழுக்கத்தான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நல்லா கேட்டே போ. தள்ளுனதே அவருதானே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ இந்த வேலையில சேர்ந்தப்பவே சொன்னேம்மா, பொண்ணுகிட்ட சொல்லிடுய்யான்னு. 'சொன்னா மட்டும்? மலைக்கு அடியில கிடக்கறதைத் தோண்டி எடுத்துருவாளா? விடு'ன்னுட்டாரு."

கடைசி நாட்களில், ஜன்னலைப் பார்த்துக் கிடந்த கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார் அப்பா. ஜன்னலில் தெரிவது மலை ஒன்றுதான். வெயிலில் கண் கூசுகிறது போல என்று நினைத்து அவளும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பினார்கள். "இப்ப சரியாப்பா?" என்று வேறு கேட்டாள்! தலையாட்டினார். இத்தனை வருஷம் மகள் அந்த மஞ்சள் மண்ணில் தலையை முட்டிக்கொள்வதைக் கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார் மனுஷர். காலையிலிருந்து வராத அழுகை இனி வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

உடலை இறக்கினார்கள். மண்வெட்டிகள் குவியலில் விழுந்தன. கடைசியில் வெளியே வந்த கறுப்பு மண்தான் மேலாக இருந்தது, அதுதான் முதலில் உள்ளே போகப் பார்த்தது.

"நிறுத்துங்க," என்றாள். "மஞ்சளை முதல்ல போடுங்க. கறுப்பு கடைசியில."

தம்பி அவள் கையைப் பிடித்தான். "அக்கா, எல்லாரும் பாக்கறாங்க. உன் ஆபீஸ் வேலையை இங்கயும் காட்டாதே."

"மஞ்சள் அடியில கிடக்கும்மா," என்றான் குழி வெட்டியவன். "மொத்தத்தையும் புரட்டணும். ரெண்டு வேலை."

"தெரியும். ரெண்டு வேலைதான். பண்ணுங்க."

"எந்த மண்ணைப் போட்டா என்னடி?" என்றாள் அம்மா. "எழுந்தா வரப்போறாரு?"

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு மண்வெட்டியை வாங்கிக் கறுப்பு மண்ணை ஒரு பக்கமாகத் தள்ள ஆரம்பித்தாள். கிரேன்காரர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் மறுபக்கத்திலிருந்து தள்ளினார். அவள் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

ஆய்வு வருவதற்குள் நல்ல மழை பெய்துவிட்டது. மலை எப்போதும்போல் வழிந்து, விலா எலும்பு தெரிய மொட்டையாக நின்றது. அதிகாரி உச்சியில் நின்று சுற்றிலும் பார்த்தார். முகத்தைப் பார்த்ததுமே முடிவு தெரிந்துவிட்டது. திரும்பப் போனவர் அடிவாரத்தைப் பார்த்து நின்றார்.

"அங்க ஒரே ஒரு இடம் மட்டும் பச்சைப்பசேல்னு இருக்கே. அது என்ன?"

கட்டில் அகலத்துக்குப் புல் அடர்ந்து நின்றது. நடுவே ஏதோ மஞ்சள் பூக்கூடப் பூத்திருந்தது.

"நான் எதுவும் நடல சார். விதை மண்ணுலயே இருந்திருக்கு."

"அப்புறம் என்ன? மலை முழுக்க அதே மண்ணைப் போட வேண்டியதுதானே? அங்க மட்டும் ஏன் போட்டீங்க?"

"அங்க எங்கப்பா இருக்காரு சார்."

அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மறுபடி மாட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வானம் கறுத்திருந்தது. சேறு வருமுன்னே அம்மா செருப்புகளையும் பாத்திரங்களையும் காலிக் கட்டிலின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் வேலை என்னடி ஆச்சு?"

"ஒரு பக்கம் பிடிம்மா," என்றாள்.

பாத்திரங்கள் கடகடக்க, இருவரும் கட்டிலைத் திருப்பி மறுபடி ஜன்னலைப் பார்த்துப் போட்டார்கள்.