பின்னால் போன ஸ்பெஷல்

என் மச்சானை வீட்டில் எல்லோரும் ‘விவரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் “எனக்கு விவரம் தெரியும்” என்பான். என் மனைவியின் தம்பி. அவனை நம்பி நான் ஒரு காரியத்தில் இறங்கியது அதுதான் முதல் தடவை. கடைசியும் அதுதான்.

காரியம் இது. என் அக்காவுக்கு இடது கண்ணில் ஆபரேஷன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருகிறது. இன்னும் தள்ளிப்போட்டால் அந்தக் கண் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். அறுக்கிற டாக்டர் வெளியூர்க்காரர், மாதத்தில் ஒரு நாள்தான் அக்கா ஊர் ஆஸ்பத்திரிக்கு வருவார். போன மாதமே முடிந்திருக்க வேண்டியது. அக்கா ஆபரேஷன் மேஜை வரைக்கும் போய்ப் படுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

“ஏன்க்கா எந்திரிச்சு வந்த?” என்று போனில் கேட்டேன்.

“அவன் பாட்டுக்கு நல்ல கண்ணை அறுத்துட்டான்னா? நீ வந்து நின்னு, இந்தக் கண்ணுதான்னு சொல்லு. அப்புறம் படுக்கிறேன்.”

பெற்ற மகனை நம்ப மாட்டாள். டாக்டரை நம்பவே மாட்டாள். நான் குறை சொல்ல முடியாது, நானும் அதே வயிற்றில் பிறந்தவன்தான். கடையில் எடை போட்டு வாங்கியதை வீட்டில் மறுபடி எடை போட்டுப் பார்க்கிறவன்.

இந்த மாதம் டாக்டர் வருகிற நாளில் விடுமுறைக் கூட்டம், எந்த வண்டியிலும் இடமில்லை. விவரம் செல்போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் துள்ளினான்.

“மாமா, ஸ்பெஷல் விட்டிருக்கான்! மெயின் லைன்லயே, உங்க அக்கா ஊர் வழியாப் போகுது. சாப்பாடும் அவனே தர்றான்!”

கூட்ட நேரத்தில் கூடுதலாக விடுகிற வண்டிக்கு ஸ்பெஷல் என்று பெயர், அது எனக்கும் தெரியும். சாப்பாடு எதற்குத் தருகிறான் என்று கேட்டேன்.

“அதான் மாமா ஸ்பெஷல்!”

ஸ்டேஷனுக்குப் போனால் பிளாட்பாரம் முழுக்கக் கரும்புகை. எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நான் பின்வாங்கினேன். புகைக்கு அடியில் ஒரு கரி எஞ்சின் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. துடைத்து எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார்கள். கழுத்தில் கேமராவோடு படித்த ஜனங்கள் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒருவரிடமும் பெட்டி படுக்கை இல்லை.

“யோவ், இது ஊருக்குப் போற வண்டியா, பொருட்காட்சியா?”

“எஞ்சின் எதுவா இருந்தா என்ன மாமா? தண்டவாளம் அதே தண்டவாளம்தானே?”

பேச்சில் அவனை மடக்க முடியாது. ஏறினோம்.

எதிர் சீட்டில் ஒரு தொப்பிக்காரர். காதில் ஹெட்போன், கையில் ஒரு குச்சி, குச்சியின் முனையில் அணில் வால் மாதிரி ரோமம் போர்த்திய மைக். அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தார். எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்கிறாராம். புகை தொண்டையில் ஏறி நான் இருமினேன். உதட்டில் விரலை வைத்தார். காசு கொடுத்து ஏறிய வண்டியில் இருமக்கூட உரிமையில்லை.

வண்டி கிளம்பியது. சட்டை, மடி, காது என்று எங்கும் கரித்தூள். கொஞ்ச தூரம் போனதும் ஆள் இல்லாத ஒரு ஸ்டேஷனில் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார்கள். பக்கத்து லைனில் எக்ஸ்பிரஸ் போனது. அதன் பிறகு ஒரு சரக்கு வண்டி ஆடி அசைந்து போனது. மாட்டுவண்டி வந்திருந்தாலும் அதற்கும் வழிவிட்டிருப்பார்கள்.

டிக்கெட் பார்க்க வந்தவரிடம் அக்கா ஊருக்கு எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன்.

“அங்க நிக்காதுங்களே.”

“பின்னே எங்கதான் நிக்கும்?”

“ஏறின இடத்துலயேதான், ராத்திரி. இது உல்லாச வண்டி பெரியவரே. ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பிடும்.”

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் டிக்கெட்டைப் பார்த்தான்.

“ஏறுற ஸ்டேஷனும் இறங்குற ஸ்டேஷனும் ஒண்ணாத்தான் போட்டிருந்துச்சு மாமா. போக வர ரெண்டுக்கும் சேர்த்துக் குடுத்துட்டான்னு நினைச்சேன்.”

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. தொப்பிக்காரர் மறுபடி உதட்டில் விரலை வைத்தார்.

வண்டி நகர்ந்து, ஒரு பொட்டல்வெளியில் போய் நின்றது. எல்லோரும் குதித்து இறங்கிக் கேமராவோடு வேலி ஓரம் வரிசை கட்டினார்கள். நான் இறங்கவில்லை. இறங்கினால் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று பயம். மச்சானையும் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அப்போது வண்டி நகர்ந்தது. பின்னால்.

“மாமா, ரிவர்ஸ் எடுக்கிறான்!”

வந்த தூரத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நின்றது. பிறகு புகையைக் கக்கிக்கொண்டு, ஆளில்லாத பெட்டிகளோடு, எங்கள் இரண்டு பேரையும் சுமந்து முன்னால் பாய்ந்தது. என்ன அநியாயம் என்று நான் தலையை நீட்டிப் பார்த்தேன். வேலி ஓரத்திலிருந்து கூட்டமாகக் கத்தினார்கள்.

“தலையை உள்ள இழுங்க! பெரியவரே, படத்துல விழறீங்க!”

வண்டி புகை கக்கிப் பாய்ந்து வருவதைப் படம் எடுக்கிறார்களாம், என் தலை அதில் விழுந்துவிட்டதாம். அதற்காக மறுபடி ஒருமுறை பின்னால் போனார்கள்.

எல்லோரும் ஏறி வண்டி கிளம்புகிற நேரம் அக்காவிடமிருந்து போன்.

“எங்கடா இருக்க?”

“வண்டியிலதான்க்கா.”

“என்ன சத்தம் அது? மாவு மில்லுல நிக்கிறியா?”

“எஞ்சின்க்கா. நீ போய்ப் படு. மகன் இருக்கான்ல, அவன் காட்டுவான்.”

“அவனுக்கு அவன் செருப்புலயே இடது வலது தெரியாது! இன்னிக்கு நான்தான் கடைசியாம். டாக்டர் சாயங்காலம் கிளம்பிடுவாராம். நீ வராட்டி நான் வீட்டைப் பார்க்கப் போறேன்.”

“போனா கண்ணு போயிடும்க்கா!”

“நல்ல கண்ணாவது மிஞ்சும்ல?” என்று வைத்துவிட்டாள்.

தொப்பிக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். சண்டைக்கு வருகிறார் என்று நானும் தயாரானேன்.

“எல்லாம் கேட்டுச்சுங்க. பதிவே ஆயிடுச்சு. அடுத்த ஸ்டேஷன்ல எஞ்சினுக்குத் தண்ணி பிடிப்பாங்க. தண்ணி லாரி உங்க அக்கா ஊர்லேருந்துதான் வரும். காலியானதும் அங்கேயே திரும்பிடும்.”

“உமக்கு எப்படித் தெரியும்?”

“இந்த வண்டியில நாலு தடவை வந்திருக்கேன்.”

“நாலு தடவையா! வேற வேலை இல்லையா உமக்கு?”

“இல்லைங்க. ரிடையர் ஆயிட்டேன்.”

லாரி நின்றது நிஜம்தான். குழாயை எஞ்சினில் செருகியிருந்தார்கள். லாரிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ஏறி உக்காருங்க. ஆனா முழுசும் காலியானாத்தான் எடுப்பேன்.”

அந்த எஞ்சின் குடித்த குடி! ஒரு தெருவே குடிக்கிற தண்ணீரை உள்ளே இழுத்தது, போதும் என்று சொல்லவில்லை. நான் லாரியில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். மச்சான் ஜன்னல் வழியாகக் கை ஆட்டினான்.

“மாமா, இப்பத்தான் சாப்பாடு குடுக்கிறாங்க. நான் வேணா வண்டியிலயே…”

“தின்னுய்யா, நல்லாத் தின்னு!”

லாரி வாசலில் இறக்கிவிட்டதும் ஆஸ்பத்திரிக்குள் ஓடினேன். சக்கரம் வைத்த கட்டிலில் அக்கா பச்சை அங்கியோடு எழுந்து உட்கார்ந்திருந்தாள். செருப்பை எடுத்துத் தரச் சொல்லி மகனோடு சண்டை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, வந்துட்டேன்!”

புகையில் தொண்டை கம்மி, குரல் எனக்கே வேறு ஆள் குரலாக இருந்தது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாருய்யா நீ? டேய், யாரையோ கரி பூசிக் கூட்டிட்டு வந்து என்னை ஏமாத்துறீங்களா?”

நர்ஸ் ஈரத்துணி கொடுத்தாள். துடைக்கத் துடைக்கக் கரி வழிந்தது. ஒரு கன்னம் வெளியே வந்ததும்தான் நம்பினாள்.

“சரி, சொல்லு. எந்தக் கண்ணு?”

“இடது,” என்று விரலை நீட்டினேன்.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். அக்காவுக்கு எதிரில் நின்றுகொண்டு, என் இடது பக்கம் இருந்த கண்ணை நான் காட்டியிருந்தேன்.

“பார்த்தியா! இவனே மாத்திக் காட்டுறான்! இதுக்குத்தான் நான் பயந்தேன்!”

எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. சுற்றிப் போய், அவள் பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இடது கையைத் தூக்கி, அவள் கண்ணிமையைத் தொட்டேன். “இது.”

“காலையிலேயே அதுக்கு மேல அம்புக்குறி போட்டு வெச்சிருக்கேன்மா,” என்றார் டாக்டர்.

“நீங்க போட்டா ஆச்சா? அவன் சொல்லணும்ல?” அக்கா படுத்துக்கொண்டாள். கட்டிலைத் தள்ளினார்கள். கதவுக்குள் போகும்போது தலையைத் தூக்கினாள். “நல்லா யோசிச்சுத்தானே சொன்ன?”

“போக்கா, போய்ப் படு!”

கதவைச் சாத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் நடைவழியில் நின்று, இடது கையைத் தூக்கிப் பார்த்தேன்.

“டேய், இதுதானே இடது?” என்று அக்கா மகனிடம் கேட்டேன்.

“ஆமா மாமா.”

அந்தப் பக்கமாக வந்த நர்ஸை நிறுத்தி, அவளிடமும் கேட்டேன்.