நாலாவது கை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். அப்புறம்தான் வாய் திறக்கும். திறந்தால் மூடாது. இது தெரிந்தும் கல்லூரிப் பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற குழுவில் என்னைப் போட்டார் எங்கள் முதல்வர் சதாசிவம். அணுசக்தி ஆபீசில் இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். படித்த பெண், சொன்னால் கேட்பாள் என்று நினைத்திருப்பார். அவர் கணக்கு எதுவும் இதுவரை தப்பியதில்லையாம், அவரே சொல்லிக்கொள்வார்.

கல்லூரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முத்தாலிக்குப்பத்தின் தெற்கு ஓரத்தில், சவுக்குத் தோப்பை ஒட்டி, சுனாமிக்கு அப்புறம் ஒரு டிரஸ்ட் கட்டிக்கொடுத்த மாடிக் கட்டிடம். இடம் ஊர் கொடுத்தது. கம்ப்யூட்டர், டேலி, ஏசி மெக்கானிக், நர்சிங் உதவி என்று ஒரு வருஷப் படிப்புகள். வாசலில் 'முத்தாலிக்குப்பம் சமுதாயக் கல்லூரி' என்று போர்டு. நான் பிரியங்கா, அங்கே கம்ப்யூட்டரும் பேச்சு ஆங்கிலமும் சொல்லித்தருகிறேன். பிறந்ததும் அதே ஊர்தான். என் நைனா தேசப்பன் ஊர்த் தலைவர். அம்மா வச்சலா கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து அணுசக்தி ஆபீஸ்காரர்களின் டவுன்ஷிப் வாசலில் விற்கிறாள்.

பெயரில் இருக்கிற 'குப்பம்' போக வேண்டும் என்பதுதான் விவகாரம். சேர்க்கை விழுந்துவிட்டது என்றார் சதாசிவம் சார். அது பொய் இல்லை. போன ஜூனில் படாளத்திலிருந்து ஒருவர் மகள் ஸ்வாதியைச் சேர்க்க அழைத்துவந்தார். போர்டைப் படித்தார். கேட்டுக்கு உள்ளேகூட வரவில்லை, வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போய்த் தொலையட்டும் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். அன்பரசி விஷயத்தில் அப்படி விட முடியவில்லை.

அன்பரசி எங்கள் தெருப் பெண். என் வகுப்பில் அவள் மாதிரி டைப் அடிக்க ஆள் கிடையாது. அவளைச் சிறுசேரிக்கு இன்டர்வியூவுக்கு நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். டெஸ்ட்டில் முதலாக வந்தாள். கடைசியில் உட்கார்ந்திருந்தவன் பழைய பேட்ச் சர்டிபிகேட் மாதிரியை வாங்கிக் கல்லூரிப் பெயரைப் படித்துவிட்டு, குப்பத்துப் பிள்ளைகள் ஒரு மாசம் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள், நீயும் அப்படித்தானா என்று கேட்டானாம். இவள் இல்லை சார் என்றிருக்கிறாள். சிரித்துக்கொண்டே ஃபைலை ஓரமாக வைத்துவிட்டான். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது.

இன்னொரு கம்பெனி மாசக் கடைசியில் வரச்சொல்லியிருந்தது. அதுவும் தவறினால் தையில் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். பொழுது சாய்ந்தால் அவன் நிதானத்தில் இருக்க மாட்டான். ஊருக்கே தெரியும், பெண்ணைப் பெற்றவர்களுக்கும் தெரியும். வேலை ஒன்று கையில் இருந்தால் அவளால் முடியாது என்று சொல்ல முடியும். இல்லாவிட்டால் அவள் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்? இந்த பேட்ச் சர்டிபிகேட் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. குழு முடிவு செய்கிற பெயரில்தான் போகும்.

"அக்கா, நீ கை தூக்குவல்ல?" என்று லேப் வாசலில் நிறுத்திக் கேட்டாள்.

தூக்குவேன் என்றேன். சத்தியமா என்றாள். சத்தியம் என்று தலையில் அடித்துக் கொடுத்தேன்.

குழுவில் ஆறு பேர். சதாசிவம் சார், டிரஸ்ட்டின் செங்கல்பட்டு வக்கீல், பெற்றோர் சார்பில் டவுன்ஷிப் கல்யாணி மேடம் என்று மாற்றச் சொல்பவர்கள் மூன்று பேர். மாற்றக் கூடாது என்பவர்கள் நைனாவும், ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர் செங்கல்வராயனும். நான் ஆறாவது. மாற்ற நாலு கை வேண்டும். நாலாவது கை என்னுடையது.

நைனாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. சோற்றில் கை வைத்தபடியே ஆரம்பித்தார்.

"ஊரு பேர எடுக்கச் சொல்லி நீ கை தூக்கினேன்னு வெய்யி, மறுநாளே உங்கம்மா கூடை ஏலத்துல நிக்காது. நம்ம வூட்டோட யாரும் கொடுக்கல் வாங்கல் வெச்சிக்க மாட்டான். தலைவரு நான். என் வாயாலதான் அத்த சொல்லணும். சொல்லுவேன்."

சொல்லக்கூடியவர்தான். ஊர்க் கட்டுப்பாட்டை மீறினான் என்று சொந்தத் தம்பி வீட்டையே ஒரு மழைக்காலம் முழுக்க ஒதுக்கிவைத்தவர். எனக்குக் காது சுட்டது. என் தம்பி லோகு கல்யாணப் பத்திரிகையில் என்ன ஊர் போட்டீர்கள் என்று கேட்டேன். முத்தாலி நகர். மாரியம்மன் திருவிழா பேனரில்? முத்தாலி நகர். உங்கள் போட்டில் எழுதியிருப்பது? அதிலும் நகர்தான். உங்களுக்கெல்லாம் நகர் வேண்டும், கல்லூரிக்கு மட்டும் குப்பமா, நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம் என்றேன். அது வேற இது வேற என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அவர் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் அம்மா என் தட்டில் இன்னொரு துண்டு சங்கரா மீனை வைத்தாள்.

"தூக்கறதுன்னா தூக்கு. இங்க ஏலம் வுடலன்னா சட்ராஸ் ஏலத்துல போயி எடுத்துக்கறேன். அந்தப் பொண்ணப் பார்த்தா பாவமா கீது," என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தினமும் விடிவதற்குள் சட்ராஸ் போய் வருவது அவள் முழங்காலுக்கு ஆகிற காரியமா? ஆனாலும் சொன்னாள். அதற்கு மேல் எனக்கு என்ன தயக்கம் இருந்திருக்க முடியும்? மறுநாள் கூட்டத்துக்குப் போகும்போது முடிவோடுதான் போனேன். இதை யாரும் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, அதுதான் உண்மை.

கூட்டம் மாடி ஹாலில். வாசலில் ஊர் ஆண்கள் தொழிலுக்குப் போகாமல் திரண்டு நின்றார்கள். ஜன்னல் வழியாக அவர்கள் பேச்சு உள்ளே கேட்டது, பாதி கெட்ட வார்த்தை. சதாசிவம் சார் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தக் கூடாது என்றார் நைனா. பெயரில் கை வைப்பதற்கு முன் இந்த ஜன்னலுக்கே கொஞ்ச நேரம் சண்டை நடந்தது.

புதுப் பெயரை ஸ்கிரீனில் போட்டுக் காட்டினார் சார். 'புளூ ஷோர் சமுதாயக் கல்லூரி.' கீழே ஒரு நீல அலை, அதன் மேல் ஒரு பட்டமளிப்புத் தொப்பி. செங்கல்வராயன் பெரியவர் அதை உச்சரித்துப் பார்த்தார், வாயில் நிற்கவில்லை. இது எந்த ஊர்க் கடல் என்று கேட்டார். இடம் கொடுத்தது ஊர், பெயரை எடுத்தால் இடத்தையும் எடுப்போம் என்றார் நைனா. பத்திரம் டிரஸ்ட் பெயரில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்றார் வக்கீல். நைனா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். கடலுக்குப் போகிறவன் என்றால் கிள்ளுக்கீரையா என்று மேசையை அறைந்தார். டம்ளர் தண்ணீர் வக்கீலின் வேட்டியில் கொட்டியது. சதாசிவம் சார் பேனாவால் மேசையைத் தட்டித் தட்டி, இதனால்தான், இப்படி நடந்துகொள்வதால்தான் பெயரை மாற்றச் சொல்கிறோம் என்றார். எனக்குக் காது லேசாகச் சுட ஆரம்பித்தது. அன்பரசியை நினைத்துக்கொண்டேன். பேசாமல் இரு பிரியங்கா, கையை மட்டும் தூக்கு, போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் கல்யாணி மேடம் பேச எழுந்தார். கும்பகோணத்துப் பக்கம். கணவருக்கு அணுசக்தி ஆபீசில் வேலை. மகன் அபிஷேக் ப்ளஸ் டூவில் கோட்டைவிட்டு எங்களிடம் ஏசி மெக்கானிக் படிக்கிறான். சொந்தக்காரர்களிடம் அவன் மகாபலிபுரம் பக்கம் ஏதோ டிப்ளமோ படிப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறார். என் அம்மாவிடம்தான் மீன் வாங்குவார். நாக்கு முழுக்க இனிப்பு.

யார் மனசையும் புண்படுத்த வரவில்லை என்று ஆரம்பித்தார். பக்கத்தில் வந்து என் தோளில் கை போட்டார்.

"நம்ம பிரியங்காவையே எடுத்துக்கோங்க. இவளைப் பார்த்தா அந்த ஊர்ப் பொண்ணுன்னு யாராவது சொல்லுவாங்களா? பேச்சு, டிரெஸ், எல்லாமே எவ்வளவு நீட்டா இருக்கு. மேல ஒரு வாடை கிடையாது. எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. காலேஜும் அப்படித்தான் இருக்கணும்னு சொல்றோம்."

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். மனசாரப் பாராட்டுகிறார், அதுதான் கொடுமை. வக்கீல் தலையாட்டினார். சதாசிவம் சார் புன்னகைத்தார். நைனா என்னைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் காது பற்றி எரிந்தது. வாடை. இதே மேடம் அம்மாவிடம் பேரம் பேசி வஞ்சிரம் வாங்கும்போது வராத வாடை. அந்தக் கூடையை இறக்கிவைக்க நான் எத்தனை முறை கை கொடுத்திருப்பேன்? கல்லூரியில் படிக்கும்போது காலையில் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு பஸ்ஸில் நான் ஓரமாக நின்றதெல்லாம் ஒரே நொடியில் தொண்டைக்கு வந்தது. தோளில் இருந்த கையைத் தட்டிவிட்டேன்.

"மேடம், உங்க அபிஷேக் ஃபெயிலாகி நின்னப்ப சேர்த்துக்கிட்டது இந்தக் குப்பம்தான். அப்ப வாடை வரலையா?"

மேடம் முகம் வெளுத்துவிட்டது. தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு என்ன இன்பமாக இருந்தது தெரியுமா? சொல்லத்தான் வேண்டும், அப்படி ஒரு இன்பம்.

சார் அவசரமாக ஓட்டுக்கு விட்டார். மாற்ற வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். மூன்று கைகள் எழுந்தன. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மடியில் கையைக் கோத்துக்கொண்டு கல்யாணி மேடத்தை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்பவர்கள் என்றார் சார். தூக்கினேன் பாருங்கள், தோள்பட்டை நோகிற மாதிரி தூக்கினேன். நாலாவது கை இல்லை, பெயர் அப்படியே இருக்கும், சர்டிபிகேட் நாளைக்கே அச்சுக்குப் போகலாம் என்று சார் வெறுப்போடு எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்.

கீழே இறங்கினால் சரவெடி. என் கையில் யாரோ மாலையைத் திணித்தார்கள். நைனா எல்லார் முன்னாலும் என் தலையில் கை வைத்து, எனக்குப் பொறந்தவடி நீ என்றார். நான் நினைவு தெரிந்து அவர் என்னை அப்படித் தொட்டதில்லை. அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. எங்கே இருந்தோ மைக்கும் வந்துவிட்டது. முத்தாலி நகர் பொதுமக்கள் சார்பாக பிரியங்கா டீச்சருக்கு நன்றி நன்றி என்று ஒருத்தன் கத்தினான்.

நகர். அதைக் கேட்டதும் எனக்கு மாலை கனத்தது. கழற்றி வேலியில் மாட்டிவிட்டு லேப்புக்குப் போனேன்.

அன்பரசி கம்ப்யூட்டர்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். மாடியில் நடந்தது அத்தனையும் ஜன்னல் வழியாக அவளுக்குக் கேட்டிருக்கும். நான் பேச ஆரம்பித்தேன். அந்தப் பொம்பளை என்ன பேசினாள் தெரியுமா, நம் ஊரையே கேவலப்படுத்தினாள், அதற்கு அப்புறமும் கை தூக்கினால் நான் மனுஷியா, கம்பெனிக்கு நானே உன்னோடு வருகிறேன், நானே பேசுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் எல்லா உறையையும் போட்டு முடித்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, உன் சர்டிபிகேட்டுல இன்னா ஊரு போட்டுக்கீது?"

அவளுக்குத் தெரியும். நான் படித்த கல்லூரி எது என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பதில் வரும்வரை அங்கேயே நின்றாள்.

"செங்கல்பட்டு," என்றேன்.

"அதான்," என்றாள். "உனக்கு கை தூக்க சுளுவா இருந்திச்சி."

கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள். வெளியே இரண்டாவது சரத்தைக் கொளுத்தினார்கள்.