துரையின் இரண்டு கையெழுத்து

1946. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியின் மேலாளர் வில்லியம் ஹாரிசன். லண்டனில் பிறந்தவர். அம்மாவின் தாத்தா வேல்ஸ்காரர் என்று ஒருநாள் தெரிய வந்ததும், தபாலில் புத்தகம் வரவழைத்து வெல்ஷ் மொழி படித்தார். "நான் இங்கிலீஷ்காரன் அல்ல, வேல்ஸின் கெல்ட் இனத்தான்" என்று கிளப்பில் சொன்னார். வில்லியத்துக்கு வெல்ஷில் க்விலிம். கையெழுத்தையும் அப்படியே மாற்றிக்கொண்டார். வெல்ஷ் பேசிய பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடங்கள் அடித்த கதையைக் கண் கலங்கச் சொல்வார். அவர் ஆபீசில் தமிழ் பேசினால் வேலை போகும்.

ஒரு காலையில், உள்ளே நுழைந்த குமாஸ்தா இன்பமணியிடம் "போரே டா" என்றார். வெல்ஷில் அது காலை வணக்கம். இன்பமணி காதில் "போறியாடா" என்று விழுந்தது.

"எங்கன போவ? இப்பத்தான வாரேன்!" என்றான், பதறிப்போய், தமிழில்.

அன்றே வேலைநீக்க உத்தரவு சென்னைக்குப் போனது. அங்கே தலைமை ஆபீசில் ஒவ்வொரு மேலாளரின் மாதிரிக் கையெழுத்தும் உண்டு. அதோடு ஒத்தால்தான் உத்தரவு செல்லும். "க்விலிம் என்று யாரும் நம்மிடம் இல்லை" என்ற குறிப்போடு தாள் திரும்பி வந்தது.

வெளிவாசலில் தலைமைக் குமாஸ்தா சங்கரபாண்டியன் சிரித்தார். "ஏலே, பொழச்சுக்கிட்ட! துரை இங்கிலீஷ்காரனா ஆனாத்தான் ஒன் வேலை போவும். மானஸ்தன், செய்வாராக்கும்?"

உள்ளே துரை மைக்கூட்டைத் திறந்து, 'வில்லியம் ஹாரிசன்' என்று அழகாக எழுதினார். ஒற்றுத்தாளால் ஒற்றி, தபாலில் சேர்க்கச் சொல்லி இன்பமணியிடமே நீட்டினார்.