அரிஷத் சாகவில்லை

"மாமா, அந்தப் பொண்ணு சாகலை."

"கல்லே செத்துட்டான்னு சொல்லுது. நீ கல்லோடயே சண்டைக்குப் போறியாம்மா? கிப்பேயைச் சாப்பிடு, ஆறிடும்."

தீரு நகரத்து வீட்டுக்கு நான் மருமகளாக வந்த முதல் ஈஸ்டர் விருந்தில் நடந்த பேச்சு இது. என் மாமனார் இஸ்கந்தர், இந்தக் கடற்கரையின் பழங்கால மொழியான பினீசியக் கல்வெட்டுகளில் பெரிய பேராசிரியர். கிரேக்க அரசர்கள் ஆண்ட காலத்தில், அப்தெலிம் என்பவன் தன் மகள் அரிஷத்துக்காக நட்ட கல்லை முதலில் படித்தவர் அவர்தான். கல்லறைக்கல் என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்.

எனக்கு உறுத்தியது. கல் கிடைத்தது கோயில் முற்றத்தில். இடுகாடோ ஊருக்கு வெளியே. கோயிலுக்குள் யார் கல்லறை கட்டுவார்கள்?

நானும் அதே படிப்புப் படித்தவள். ஆனால் நான் வாசித்துத் தந்ததெல்லாம் அவர் பெயரில்தான் அச்சாகும். கடைசியில் 'மருமகளின் உதவிக்கு நன்றி' என்று ஒரு வரி. என் பெயரைப் போடுங்கள் என்று கேட்க ஒன்பது வருடமாக வாய் வரவில்லை. திட்டுகிற மனிதரென்றால் கேட்டிருப்பேன். பாசத்தைக் கொட்டுகிறவரிடம் எப்படிக் கேட்பது?

இந்த வசந்தத்தில் அந்தக் கல்லை அருங்காட்சியகத்தின் புதிய காட்சியறைக்கு மாற்றினார்கள். அடியிலிருந்த சிமெண்டுப் பீடத்தை உடைக்கும் வேலை என் கணவன் நாஜிக்கு. பழங்கற்களைச் செப்பனிடுவது அவன் தொழில். நானும் மாமாவும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நிறுத்து நாஜி!" என்று கத்தினேன்.

"ஏன், என் விரலையா வெட்டிக்கிட்டேன்?"

"எழுத்துடா! கீழே இன்னொரு வரி இருக்கு!"

மாமா முழங்கால் வலியை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடிப்பக்கம் வெறும் கல்லுன்னு நினைச்சு நான்தானே சிமெண்டு பூசச் சொன்னேன்... நீ படிம்மா. எனக்குக் கண்ணு கலங்குது."

வலமிருந்து இடமாக விரலை ஓட்டினேன். 'அவர் எங்கள் குரலைக் கேட்டார். அவளை ஆசீர்வதிப்பாராக.'

கல்லறைக்கல் அல்ல, கோயில் தெய்வத்துக்குச் செலுத்திய நேர்த்திக்கடன். மகள் பிழைத்த நன்றியில் நட்ட கல்!

"பொழைச்சுட்டா!" மாமா என் நெற்றியில் முத்தமிட்டார். "நாப்பது வருஷமா நான்தான் அவளைச் சாகடிச்சு வச்சிருந்தேன்! ஏய் நாஜி, காட்சியறைப் பலகைக்கு எழுதிக்கோ. வாசித்தது, பேராசிரியர் இஸ்கந்தர் குடும்பம்."

நாஜி பேனாவை எடுக்கவில்லை. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

எனக்குச் சிரிப்பு வந்தது.

"குடும்பம்னு வேண்டாம் மாமா. வாசிச்சது ரிந்தலா மன்சூர்னு போடுங்க. என் பேரை மட்டும்."