மூன்று தட்டு

கொதிகலனைத் திறந்ததும் ஆவி முகத்தில் அறைந்தது. வெளியே இன்னும் விடியவில்லை. வார்டு ஆயா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தட்டை இழுத்தாள். இடுக்கிகள், வாய் கழுவும் குழல்கள், ஐந்து கம்பிவெட்டிகள். இருபது கட்டிலுக்கு ஐந்துதான். நான்கு கட்டிலுக்கு நடுவே ஒன்றாக ஆணியில் மாட்டினாள்.

அது உடைந்த முகங்களைச் சீர்செய்யும் வார்டு. முறிந்த எலும்பு சேர வேண்டுமானால் அசையக்கூடாது. கைக்கு மாவுக்கட்டு போடலாம். தாடைக்கு? பற்களையே பிடிமானம் ஆக்குகிறார்கள். மேல்வரிசையில் ஒரு வளைந்த பட்டை, கீழ்வரிசையில் ஒன்று. இரண்டையும் மெல்லிய கம்பியால் முறுக்கிவிட்டால் ஆறு வாரத்துக்கு வாய் பூட்டு. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்து உண்டு. அதன் வழியே குழாயில் பால் போகும். பயமெல்லாம் வாந்திதான். வெளியேற வழியில்லாமல் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அப்போது மேலையும் கீழையும் பிணைக்கும் கம்பியை வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்று டாக்டரே அவளுக்குக் காட்டியிருந்தார்.

பேச முடியாதவர்களுக்கு டம்ளர்தான் நாக்கு. கட்டில் கம்பியில் ஒரு தட்டு என்றால் தாகம். இரண்டு, வலி. மூன்று என்றால் குமட்டுகிறது, வெட்டியோடு ஓடி வா. மூன்று கேட்டால் சமையல்கட்டில் இருப்பவர்கூடப் போட்டது போட்டபடி ஓடி வருவார். அது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம்.

போன மாதம்வரை அவளுடன் இன்னொருத்தி இருந்தாள். ஆட்குறைப்பு என்று அவளை நிறுத்திவிட்டு, மாடி வார்டையும் இவள் தலையில் கட்டினார்கள். அதிலிருந்து நாளெல்லாம் இவள் பேசுவாள். பதில் சொல்ல ஒரு வாய் இல்லை.

"என்ன லோடுமேன் அண்ணே, இன்னைக்கு ஊர்வம்பு ஒண்ணும் இல்லையா?"

தாடை உடைந்து கிடக்கும் மூட்டைத் தொழிலாளியிடம் கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். சிரிப்பு சுவரில் முட்டித் திரும்பும்.

நேற்றுக் காலை, சமையல்கட்டு இன்னும் திறக்காத நேரம், அவள் மாடியில் இருந்தபோது லோடுமேன் மூன்று தட்டினார். அவள் இறங்கி ஓடி வந்து, கம்பியை வெட்டி, தலையைப் பக்கவாட்டில் சாய்ப்பதற்குள் அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது. பிழைத்தார். இப்போது துணிக்கட்டோடு கிடந்தார். தாடையை மறுபடி கட்ட வேண்டும்.

எட்டு மணிக்குக் காண்டிராக்ட் மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"உன் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு. நீ இடத்துல இல்ல."

"எந்த இடத்துல சார்? ரெண்டு இடம் குடுத்தது நீங்கதான். எனக்குக் காலுதான் ரெண்டு, ஆளு ஒண்ணுதான்."

"வாய் ரொம்ப நீளுது."

"இந்த வார்டுல தொறக்கற வாய் என்னோடது ஒண்ணுதான் சார். நான்தான் பேசணும்."

அவர் முகம் கறுத்தது. "வெட்டியெல்லாம் எடு. இனிமே என் அலமாரியில பூட்டி இருக்கும்."

"நீங்க சாப்பிடப் போனா?"

அவர் ஆணியை நோக்கிக் கையை நீட்டினார்.

டக். டக். டக்.

லோடுமேன்! அவள் வெட்டியைப் பறித்துக்கொண்டு பாய்ந்தாள். அவர் தலையை ஆட்டினார்; குமட்டல் இல்லை. மேனேஜரின் கையைக் காட்டினார். மறுபடி மூன்று. பக்கத்துக் கட்டிலும் மூன்று. பிறகு இருபது டம்ளரும்.

சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். சலவைக்காரர் ஈரக் கையோடு. எலும்பு வார்டிலிருந்து ஓர் ஆயா.

"யாருக்கும்மா?" சமையல்காரருக்கு மூச்சு வாங்கியது.

"எல்லாருக்கும்தான் அண்ணே."

சமையல்காரர் மேனேஜர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் படித்தார். திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினார்: 'ஒரு வார்டுக்கு ஓர் ஆள் வேண்டும். வெட்டி ஆணியிலேயே இருக்க வேண்டும்.' கீழே கையெழுத்திட்டார். அடுத்துக் கையெழுத்துப் போட்ட சலவைக்காரரின் ஈர விரல் பட்டு மை கொஞ்சம் பரவியது.

"எல்லாரையும் தூக்கிருவேன்!" மேனேஜர் டெலிபோனைத் தேடிப் போனார்.

"போகட்டும்," என்றாள் எலும்பு வார்டு ஆயா. "எங்க வார்டுல ரெண்டு பேர் இருக்கோம். நான் மாடியப் பாத்துக்கறேன். நீ இங்கயே இரு அக்கா."

தாழ்வாரத்தில் மேனேஜரின் குரல் உயர்ந்துகொண்டிருந்தது. ஆயா வெட்டியைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

டக்.

ஒன்றே ஒன்று. அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு லோடுமேனிடம் போனாள்.